அரியணையில் துஞ்சியவனும் அரண்மனையில் தூங்காதவனும்

வளைகுடாவில் இரண்டு தமிழர்கள் சந்தித்தால் முதலில் ஊர் கேட்போம், அடுத்து கம்பெனி கேட்போம், மூன்றாவதாகப் பேச்சு எப்படியும் தூக்கத்தில் வந்து நிற்கும். "நேத்து ரெண்டு மணி நேரம்தாங்க தூங்கினேன்" என்று ஒருவர் சொன்னால், "உங்களுக்காவது ரெண்டு மணி நேரம்!" என்பார் இன்னொருவர். இதில் நமக்கு ஒரு பெருமைகூட உண்டு. தூங்காதவன்தான் உழைப்பாளி என்று நினைத்துக்கொள்கிறோம்.

நானும் மூன்று வருடமாக அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஐடி வேலை, ஆன்-கால், ராத்திரி போன், அதனால் தூக்கம் இல்லை. கேட்டவர்கள் நம்பினார்கள். நானும் பாதி நம்பினேன். ஒரு பள்ளிக்கூடப் பெண் கேட்ட கேள்வியில்தான் மீதிப் பாதி வெளியே வந்தது.

ஷார்ஜா அல் நஹ்தாவில் எங்கள் பக்கத்து ஃபிளாட் அக்காவின் மகள் அவள். இங்கேயே பிறந்தவள். பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளியில் இயர் 10. தமிழ் நன்றாகப் பேசுவாள், படிக்க வராது. ஷேக்ஸ்பியரின் 'மேக்பெத்' அவளுக்குப் பாட நாடகம். அந்த நாடகத்தில் தூக்கம் எப்படி வருகிறது என்று கட்டுரை எழுத வேண்டும். "தம்பி, நீ இன்ஜினியர்தானே, கொஞ்சம் பார்த்துச் சொல்லேன்" என்று அக்கா அனுப்பிவைத்தார். இன்ஜினியரிங் படித்தவனுக்கும் ஷேக்ஸ்பியருக்கும் என்ன சம்பந்தம்? ஆனாலும் வெளிநாட்டில் பக்கத்து வீட்டு அக்கா சொன்னால் மறுக்க முடியுமா? இரண்டு வாரம், மாலை நேரங்களில், அவளோடு உட்கார்ந்து வரி வரியாகப் படித்தேன்.

அலெப்போவுக்குப் போன மாலுமி

கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஸ்காட்லாந்தின் தளபதி மேக்பெத். அரசனாவாய் என்று மூன்று சூனியக்காரிகள் சொல்கிறார்கள். ஆசை பிடித்துக்கொள்கிறது. தன் கோட்டைக்கு விருந்தாளியாக வந்து தூங்கிக்கொண்டிருக்கும் அரசன் டங்கனை, மனைவியின் தூண்டுதலோடு குத்திக் கொன்று ஆட்சியைப் பிடிக்கிறான். அதற்கப்புறம் அவனுக்கும் தூக்கம் இல்லை, அவளுக்கும் இல்லை.

ஆனால் இந்த நாடகத்தில் முதலில் தூக்கத்தை இழப்பவன் மேக்பெத் இல்லை. அவன் மேடைக்கு வருவதற்கு முன்பே ஒரு சூனியக்காரி ஒரு மாலுமிக்குச் சாபம் விடுகிறாள். அவன் மனைவி மடியில் செஸ்ட்நட் கொட்டைகளை வைத்துத் தின்றுகொண்டிருந்தாளாம். இவள் கேட்டதற்குத் தரவில்லையாம். அதற்குப் பழி புருஷன் மேல். இரவும் பகலும் அவன் கண்ணில் தூக்கம் அண்டக்கூடாது, ஒன்பது முறை ஒன்பது வாரம் அவன் வாடி வதங்க வேண்டும். கப்பல் மூழ்காது, ஆனால் புயலில் அலைக்கழிந்துகொண்டே இருக்கும். அந்த மாலுமி எங்கே போயிருக்கிறான் தெரியுமா? அலெப்போவுக்கு. இன்றைய சிரியா. கப்பலின் பெயர் டைகர்.

இது வெறும் கற்பனைப் பெயர் இல்லை. 1583இல் ரால்ஃப் ஃபிட்ச் என்ற லண்டன் வணிகர் டைகர் என்ற கப்பலில்தான் சிரியாவுக்கு வந்தார். அங்கிருந்து அலெப்போ, யூப்ரட்டீஸ் ஆற்று வழியாக பாஸ்ரா, அப்புறம் நம் வளைகுடாக் கடல் வழியாக ஹோர்முஸ். அங்கே போர்ச்சுக்கீசியர் பிடித்து கோவாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து தப்பி, அக்பரின் நாடு, பர்மா, மலாக்கா, இலங்கை, கொச்சி என்று சுற்றி 1591இல்தான் ஊர் திரும்பினார். அவருடைய பயணக் குறிப்பு அச்சில் வந்து, சில வருடம் கழித்து, 1606 வாக்கில் 'மேக்பெத்' எழுதப்பட்டது. அந்தப் பயணத்தின் நிழல்தான் நாடகத்து வரியில் விழுந்திருக்கிறது என்று ஆய்வாளர்கள் சொல்வது உண்டு.

படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. ஒன்பது ஒன்பது எண்பத்தொன்று. 81 வாரம் என்றால் ஒன்றரை வருடத்துக்குக் கொஞ்சம் மேல். அரபு நாட்டுக்குப் போனவன், ஊரில் மனைவி, ஒன்றரை வருடம் தூக்கமில்லை, மூழ்கவும் இல்லை, கரை சேரவும் இல்லை. இது நம்ம ஆள்தானே!

மாலுமியின் தூக்கமின்மை

உண்மையிலேயே அந்த மாலுமிகள் நம்மிடையே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அல் கூஸிலும் முஹைஸ்னாவிலும் விடியும் முன்பே தொழிலாளர் பஸ்கள் கிளம்பிவிடும். ஒரே அறையில் அடுக்குக் கட்டில்கள். பகல் ஷிப்ட் ஆள் அலாரம் வைக்கும்போது இரவு ஷிப்ட் ஆள் அப்போதுதான் கண்ணை மூடியிருப்பார். தேரா, பர் துபாயில் பெட்-ஸ்பேஸ் எடுத்து இருந்தவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. திரை போட்ட ஒரு கட்டில்தான் மொத்த வீடு. திரைக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருவர் மனைவியோடு வீடியோ காலில் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்.

உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. அது வெளிச்சத்தைப் பார்த்துத்தான் நேரம் வைக்கும். இருட்டினால் மெலடோனின் சுரந்து "படு" என்று சொல்லும். இரவு வேலை முடித்து காலை ஏழு மணி வெயிலில் பஸ்ஸில் திரும்புகிறவருக்கு அந்தக் கடிகாரம் "எழுந்திரு" என்று சொல்கிறது. கட்டிலில் படுத்தாலும் உடம்பு ஒத்துக்கொள்வதில்லை. வயது வந்தவருக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. அந்தக் கணக்கு கேம்ப் அறையின் கதவைத் தாண்டி உள்ளே வருவதே இல்லை.

இந்தத் தூக்கமின்மைக்குத் தீர்வு வெளியேதான் இருக்கிறது. அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை வெட்டவெளி வேலைக்குத் தடை. கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் 3.30 வரை. சட்டம் போட்டால் உடம்புக்கு ஓய்வு கிடைக்கும் என்பதற்கு இதுவே சாட்சி. அறையில் ஆள் குறைந்தால், ஷிப்ட் ஒழுங்கானால், ஏஜென்ட் கடன் இல்லாமல் ஆள் வந்தால், அந்த மாலுமி தூங்கிவிடுவார். அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. அவரைத் தூங்கவிடாதது அடுத்தவர் போட்ட சாபம்.

நான் இத்தனை நாளும் என்னை இந்த மாலுமி என்றே காட்டிக்கொண்டிருந்தேன்.

மேக்பெத்தின் தூக்கமின்மை

வரலாற்று மேக்பெத் தூங்குகிறவனைக் கொல்லவில்லை. 1040இல் டங்கன் செத்தது போரில். அதற்கப்புறம் மேக்பெத் 1057 வரை, 17 வருடம் ஆண்டான். ஹோலின்ஷெட் என்பவர் பெயரில் வந்த வரலாற்று நூலில்தான் ஷேக்ஸ்பியர் கதையை எடுத்தார். அதே நூலில் வேறொரு இடத்தில், டஃப் என்ற அரசனை அவன் விருந்தாளியாகத் தங்கிய கோட்டையிலேயே தூக்கத்தில் கொன்ற கதை இருக்கிறது. இன்னொரு இடத்தில், வாரிசைக் கொன்ற கென்னத் என்ற அரசன் நடுராத்திரியில் ஒரு குரல் கேட்டு நடுங்கும் கதை இருக்கிறது. மூன்றையும் சேர்த்துத் தைத்தவர் ஷேக்ஸ்பியர். அதாவது தூக்கத்தை இந்தக் கதைக்குள் வேண்டுமென்றே கொண்டுவந்து வைத்திருக்கிறார்.

ஏன்? தூங்குகிறவன் தன்னை மற்றவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் தூங்குகிறான். ரயிலில் எதிர் சீட்டுக்காரரிடம் "பெட்டியைக் கொஞ்சம் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடுகிறோமே, அது மாதிரி. டங்கன் அந்த நம்பிக்கையில்தான் படுத்தான். அதைக் கொன்றவனுக்கு, இனி யாரை நம்பித் தானே கண்ணை மூடுவது?

கொலை நடந்த இரவில் ஒரு சின்ன விஷயம் வரும். பக்கத்து அறையில் இருவர் தூக்கத்தில் திடுக்கிட்டு விழித்து, கடவுளை வேண்டிக்கொண்டு, மறுபடி தூங்கப் போகிறார்கள். அவர்களுடைய பிரார்த்தனைக்கு 'ஆமென்' சொல்ல மேக்பெத் வாயைத் திறக்கிறான். வார்த்தை தொண்டையிலேயே நின்றுவிடுகிறது.

இதைப் படித்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டேன். "என்ன அங்கிள்?" என்றாள். "ஒண்ணுமில்லம்மா, டீ போடறேன்" என்று எழுந்துவிட்டேன்.

அந்த ஒண்ணுமில்லை என்ன என்று இப்போது சொல்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு நாள் இரவு 2.40. வீட்டிலிருந்து லாகின் செய்து, பழைய டேட்டாவை அழிக்கும் ஒரு ஸ்கிரிப்ட்டை ஓட்டினேன். சோதனை சர்வர் என்று நினைத்தேன். அது வாடிக்கையாளர் பயன்படுத்திக்கொண்டிருந்த நிஜ சர்வர். நான்கு மணி நேரம் அவர்கள் கிடங்கிலிருந்து ஒரு லாரிகூட நகர முடியவில்லை. நாங்கள் எல்லோரும் பொதுவாக ஒரே லாகினைப் பயன்படுத்திக்கொண்டிருந்த காலம் அது. ஆகவே பதிவேட்டில் யார் பெயரும் இல்லை. ஆனால் ஷிப்ட் பட்டியலில் ஒரு பெயர் இருந்தது. திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். ஒப்பந்தத்தில் வந்தவன். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவான்.

காலையில் கான்ஃபரன்ஸ் கால். "ராத்திரி யார் இருந்தது?" என்று மேனேஜர் கேட்டார். "நான்தான் சார், ஆனா நான் எதுவும் ரன் பண்ணல" என்றான் அவன். அப்புறம் ஐந்தாறு விநாடி யாரும் பேசவில்லை. என் மைக் மியூட்டில் இருந்தது. அதை எடுக்க விரலைக் கொண்டுபோனேன். எடுக்கவில்லை.

நான் பொய் சொல்லவில்லை என்று ரொம்ப நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மைதான், நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. மாதக் கடைசியில் அவனுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. விசா ரத்து. ஊருக்குப் போய்விட்டான். அதிலிருந்து எனக்குப் பெரும்பாலான இரவுகளில் சரியாக 2.40க்கு முழிப்பு வரும். போன் அடித்திருக்காது.

அந்தக் கேள்வி

நாடகத்தின் கடைசிப் பகுதியில் லேடி மேக்பெத் தூக்கத்தில் நடக்கிறாள். கையில் மெழுகுவர்த்தி. எப்போதும் பக்கத்தில் வெளிச்சம் இருக்க வேண்டும் என்பது அவள் உத்தரவு. கணவனுக்குத் தைரியம் சொன்னவள், கொஞ்சம் தண்ணீர் போதும் கழுவிவிடலாம் என்றவள், இப்போது இல்லாத ரத்தத்தைக் கழுவிக் கழுவித் தேய்க்கிறாள். நடந்ததையெல்லாம் வாய் விட்டுச் சொல்கிறாள். மறைந்து நின்று மருத்துவரும் பணிப்பெண்ணும் கேட்கிறார்கள். இது என் வைத்தியத்துக்கு மேற்பட்டது, இவளுக்கு வேண்டியது மருத்துவர் இல்லை, குருமார்தான் என்று சொல்லிவிட்டுப் போகிறார் அவர்.

குறிப்பு எழுதிக்கொண்டிருந்தவள் பேனாவை நிறுத்தினாள். "அங்கிள், இதையே முழிச்சிருக்கும்போது யார்கிட்டயாவது சொல்லியிருந்தா, அவங்க தூங்கியிருப்பாங்களா?"

என்ன பதில் சொல்வது? "சொல்லியிருந்தா தண்டனை கிடைச்சிருக்கும்" என்றேன்.

"அது தெரியும். தூங்கியிருப்பாங்களா?"

கொஞ்ச நேரம் கழித்து அவளே, "தமிழ்ல இந்த மாதிரி கதை இருக்கா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். பள்ளிக்கூடத்தில் படித்த சிலப்பதிகாரம் ஞாபகத்துக்கு வந்தது.

துஞ்சிய பாண்டியன்

மதுரைப் பாண்டியன் நெடுஞ்செழியனும் ஒரு தவறு செய்தான். ஊடலில் இருந்த அரசியைச் சமாதானம் செய்யப் போகிற அவசரத்தில், பொற்கொல்லன் பேச்சை அப்படியே நம்பி, விசாரிக்காமல் கோவலனைக் கொல்லச் சொன்னான். விதி தட்டும்போது இங்கேயும் தூக்கத்தில்தான் தட்டுகிறது. செங்கோலும் வெண்குடையும் சாய்வதாக அரசி கனவு காண்கிறாள். அதை அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கண்ணகி வாசலில் வந்து நிற்கிறாள்.

அரசியின் சிலம்பில் முத்து. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். உடைத்தாள், மாணிக்கம் தெறித்தது. அந்த நேரத்தில் பாண்டியனுக்கு எத்தனை வழி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். பொற்கொல்லன் ஏமாற்றிவிட்டான் என்றிருக்கலாம், காவலர் அவசரப்பட்டுவிட்டார்கள் என்றிருக்கலாம். அரசன் சொன்னால் சபையில் யார் மறுப்பார்கள்? அவன் அப்படி எதுவும் செய்யவில்லை. கள்வன் நானே என்று எல்லோர் முன்னாலும் ஒத்துக்கொண்டான். அந்த இடத்திலேயே உயிர் போனது.

இதற்குப் பழந்தமிழ் தரும் பெயரைப் பாருங்கள். 'அரசு கட்டிலில் துஞ்சிய' நெடுஞ்செழியன். துஞ்சுதல் என்றால் தூங்குதல். இறப்பதற்கும் அதே சொல். கூடகாரத்துத் துஞ்சிய மாறன் வழுதி, குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் என்று எத்தனையோ மன்னர்களின் பெயரோடு அவர்கள் துஞ்சிய இடமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சாவைத் தூக்கத்துக்கும் பிறப்பை விழிப்புக்கும் ஒப்பிடுகிற குறளும் நமக்குத் தெரிந்ததுதான்.

அங்கே மேக்பெத், தான் கொன்ற டங்கன் நிம்மதியாக உறங்குகிறானே என்று பொறாமைப்படுகிறான். அரியணை இருக்கிறது, தூக்கம் இல்லை. ஒரு கொலையை மறைக்க அடுத்த கொலை, அதை மறைக்க இன்னொன்று. இங்கே பாண்டியன் அரியணையிலேயே துஞ்சினான். இருவரும் குற்றவாளிகள். ஒருவன் சபையில் வாயைத் திறந்தான். இன்னொருவன் திறக்கவில்லை.

பாண்டியன் ஒத்துக்கொண்டதால் கோவலன் எழுந்து வரவில்லை. மதுரையும் எரிந்தது. இதையும் அவளிடம் சொன்னேன். "அப்போ என்ன யூஸ்?" என்று கேட்டாள். அதற்கும் அன்று என்னிடம் பதில் இல்லை. ஆனால் அந்தச் சபையில் கண்ணகியின் சொல் உண்மை என்று ஆனதே, கோவலன் கள்வன் இல்லை என்று ஊருக்குத் தெரிந்ததே, அது சின்ன விஷயமா?

மியூட்டை எடுத்தபோது

இரண்டு நாள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அந்தத் தம்பியைக் கூப்பிட்டேன். இப்போது கோயம்புத்தூரில் வேலை செய்கிறான். "சொல்லுங்கண்ணே, என்ன திடீர்னு?" என்றான். சொன்னேன். கொஞ்ச நேரம் அமைதி.

"நான் பண்ணலன்னு எனக்குத் தெரியும்லா. அந்த லாகினை அந்நேரத்துல யூஸ் பண்றது நீங்க ஒருத்தர்தானே."

"ஏன்டா நீ சொல்லல?"

"நான் சொன்னா யாருண்ணே நம்புவா? நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன்." அப்புறம் அவனே தொடர்ந்தான். "ஏஜென்ட்டுக்குக் கொடுத்த காசை அடைக்க ரெண்டு வருஷம் ஆச்சுண்ணே." கோபமாகச் சொல்லவில்லை. கணக்குச் சொல்கிற மாதிரி சொன்னான். "சரிண்ணே, வெச்சிடட்டுமா?" என்று வைத்துவிட்டான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் உரிமை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை இரவு முழுக்க உட்கார்ந்து மேனேஜருக்கு மெயில் எழுதினேன். அந்த இரவில் ஸ்கிரிப்ட்டை ஓட்டியது நான், அவன் இல்லை, அவனுடைய பதிவில் இதைத் திருத்த வேண்டும் என்று கேட்டேன். எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இந்த வருட இன்க்ரிமென்ட் இல்லை. வேலை போகவில்லை. இதைக் கேட்டு நீங்கள் நிம்மதிப்படலாம். எனக்கு வெட்கம்தான் வந்தது. அதே தப்புக்கு ஒப்பந்தக்காரனுக்கு விசா ரத்து, நிரந்தர ஊழியனுக்கு ஒரு கடிதம். ஏஜென்ட் கடனில் எவ்வளவு வட்டி என்று அவனிடம் கேட்டிருக்கிறேன். இன்னும் சொல்லவில்லை. மறுபடி கேட்பேன்.

தூக்கம் வந்ததா என்று கேட்பீர்கள். அன்றே வரவில்லை. இப்போதும் சில நாள் 2.40க்கு முழிப்பு வருகிறது. ஆனால் முழித்ததும் போனை எடுத்து எதையாவது தள்ளிக்கொண்டிருக்கும் பழக்கம் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் திரும்பத் தூங்கிவிடுகிறேன்.

நாம் எல்லோரும் கொலைகாரர்கள் என்று சொல்ல வரவில்லை. நம்மில் பெரும்பாலோர் அந்த அலெப்போ மாலுமிகள்தான். அவர்களுக்கு வேண்டியது இருட்டான அறையும், ஒழுங்கான ஷிப்ட்டும், கடனில்லாத விசாவும். அதற்காக நாம் பேச வேண்டும். ஆனால் மாலுமியின் சட்டையைப் போட்டுக்கொண்டு உள்ளே வேறு ஒரு ஆள் முழித்துக்கொண்டிருந்தால், அவருக்கு மாத்திரையும் உதவாது, கெமோமைல் டீயும் உதவாது. திருப்பித் தராத பணமாக இருக்கலாம். ரூம்மேட் மேல் விழுந்த பழியாக இருக்கலாம். ஊரில் அண்ணன் தம்பிக்குள் மறைத்த ஒரு பத்திரமாக இருக்கலாம். உங்களுக்குத்தான் தெரியும்.

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அந்தக் கட்டுரையில் நல்ல மார்க். ஆசிரியருக்குப் புரியாது என்று பாண்டியனை மட்டும் விட்டுவிட்டாளாம். எனக்காக ஒரு தனித்தாளில் 'துஞ்சு' என்று தமிழில் எழுதிக் காட்டினாள். 'ஞ்' கொஞ்சம் கோணல்.

அப்படிக் கூப்பிட வேண்டிய நம்பர் ஒன்று உங்கள் போனிலும் இருந்தால் இன்றைக்கே கூப்பிடுங்கள். ஊரில் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால். அவர்கள் படுக்கப் போவதற்குள் கூப்பிட்டுவிடுங்கள்.